நாற்பத்தொன்பதாவது பல்

ஜூன் 1, சனி

இந்த நோட்டு பூரணி கொடுத்தது. எண்பது பக்கம், கோடு போட்டது. தினமும் என்ன சாப்பிட்டேன், பல் எப்படி இருக்கிறது என்று இதில் எழுத வேண்டுமாம். சனிக்கிழமை சனிக்கிழமை ஊருக்கு வரும்போது வாங்கிப் பார்ப்பாளாம்.

எழுதுவதற்கு எனக்குப் பயமில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் ஐந்து வருஷமும் கையெழுத்தில் நான்தான் முதல். ஆறாவதுக்கும் அனுப்பியிருந்தால் யார் யாருடைய பிழைப்பில் மண் விழுந்திருக்குமோ.

பூரணி என் மகன் பிச்சாண்டியின் பெண். திருநெல்வேலியில் பல் டாக்டருக்குப் படித்து முடித்து, அதற்கும் மேலே படிக்கிறாள். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அவ்வளவு படித்தவர் வேறு கிடையாது. அந்தத் தெருவுக்குப் பின்தெருவிலும் கிடையாது. விசாரித்துவிட்டேன்.

என் மேல்வரிசை முன்பல் சித்திரையில் பாதி உடைந்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் உடைந்தது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பிச்சாண்டி மறுவாரமே படிக்கு எவர்சில்வர் கைப்பிடி வைத்துவிட்டான். நல்ல பிள்ளை.

அந்தப் பல்லைப் பூரணி இன்று ஒட்டினாள். முதலில் மாட்டேன் என்றாள். காரணம் இருக்கிறது. மார்ச் மாதப் பரீட்சையில் ஒருவருக்குப் பல் ஒட்டிவிட்டு, வாய் கொப்பளியுங்கள் என்றிருக்கிறாள். அவர் கொப்பளித்துத் துப்பியபோது ஒட்டினதும் சேர்ந்து போய் விழுந்துவிட்டது. பரீட்சை பார்த்து மார்க் போட வந்த பெரியவர் எதிரிலேயே. நாலு நாள் அழுதாள். என் கை சரியில்லை, பாங்க் பரீட்சை எழுதப் போகிறேன் என்றாள்.

நான் சொன்னேன்: “ஏட்டி, பாங்க்ல போய் நீ என்ன ஒட்டுவ? தபால்தலையா? என் பல்ல ஒட்டு. விழுந்தா நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்.”

சொன்னது சொன்னதுதான். அவள் மருந்து தடவிக் கழுவி, பசை தடவி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, பல் நிறத்தில் ஒரு மாவை அடுக்கடுக்காக வைத்தாள். கை நடுங்கவில்லை. நடுங்கியது நான்.

கண்ணாடியில் பார்த்தேன். முப்பது வயசு ஆகிவிட்டது எனக்கு.

ஜூன் 2, ஞாயிறு

காலை இட்லி. மதியம் ரசம் சாதம். இரவு இட்லி. பல் இருக்கிறது.

ஜூன் 3, திங்கள்

இட்லி. பல் இருக்கிறது. எதிர்வீட்டுச் செண்பகம் மதினியிடம் போய்ச் சிரித்துக் காட்டினேன். அவளுக்குக் கழற்றி மாட்டுகிற செட். ராத்திரி டம்ளரில் போட்டு வைப்பாள். “நமக்கு அந்தச் சோலியே இல்ல மதினி, மலையே பொரண்டாலும் விழாது” என்றேன். அவள் காபி கொடுக்கவில்லை.

ஜூன் 15, சனி

பூரணி வந்தாள். நோட்டைப் பார்த்தாள்.

“ஆச்சி, ரெண்டு வாரமா இட்லி மட்டுமா சாப்புடுதீக?”

“வயசான காலத்துல வேற என்னத்தட்டி கடிக்க?”

அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். வைத்தியத்துக்காகப் பிடுங்கின பல், நாற்பத்தெட்டு. எல்லாவற்றிலும் ஒரே பசையை ஒட்டியிருக்கிறாள். பாதிப் பல்லுக்குப் பசைக்கு முன்னால் ஒரு மருந்துத் தண்ணீர் தடவியிருக்கிறாள், பாதிக்குத் தடவவில்லை. எல்லாவற்றையும் வாய்ச்சூட்டில் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள். ஆறு மாதம் கழித்து மிஷினில் கொடுத்து இழுத்துப் பார்ப்பாளாம், எது முதலில் விடுகிறதென்று.

“ஒட்டுன அன்னைக்கு எல்லாப் பசையும் கெட்டியாத்தான் ஆச்சி இருக்கும். நாள்பட நாள்பட ஈரம் உள்ள போயி அரிச்சிரும். ஆறு மாசம் நிக்கிதாங்கறதுதான் என் கேள்வி.”

“கல்யாணமும் அப்படித்தாம்ட்டி.”

அடுப்படியில் மருமகள் இந்திராணி ஒரு பாத்திரத்தை வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

என் பல்லையும் சேர்த்துக்கொள் என்றேன். வாயில் இருக்கிற பல்லைச் சேர்ப்பதற்குத் தனியாகக் கமிட்டி அனுமதி வேண்டுமாம். கமிட்டி கிடக்கிறது. இனிமேல் நான் நாற்பத்தொன்பது.

ஜூலை 9, செவ்வாய்

இட்லி. பல் இருக்கிறது.

என் தலையணைக்கு எப்படி எறும்பு வருகிறது என்று இந்திராணி கேட்டாள். எறும்பு எங்கேதான் வரவில்லை? சர்க்கரை வந்து நாலு வருஷமாயிற்று, திருச்செந்தூரில் வைத்து இனிப்பை விட்டேன் என்று சத்தியம் பண்ணினவள் நான். அதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். எறும்புப்பொடி தூவிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இட்லி. பல் இருக்கிறது. தலையணை உறையை நானே துவைத்துக்கொண்டேன். என் வேலையை நான் பார்ப்பது அவளுக்கு ஏன் உறுத்துகிறதோ.

அக்டோபர் 12, சனி

நாலு மாதம் தாண்டிவிட்டது. பூரணி விளக்கடித்து, சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்தாள். “ஓரத்துல ஒரு கோடு கூட இல்ல ஆச்சி” என்றாள். அவள் முகத்தில் மார்ச்சுக்குப் பிறகு அப்படி ஒரு வெளிச்சம் இன்றுதான். பாங்க் பரீட்சைப் புத்தகத்தைப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

டிசம்பர் இரண்டாம் தேதி இழுத்துப் பார்க்கிற நாளாம். அன்றைக்கு என்னையும் கல்லூரிக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் அவளுடைய பெரிய டாக்டரம்மா. பட்டுப்புடவை எதைக் கட்டுவது என்று யோசிக்க வேண்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எல்லோரும் அதிரசம் தின்றார்கள். நான் இட்லி. பல் இருக்கிறது.

நவம்பர் 1, வெள்ளி

இந்தப் பக்கம் பூரணி படிப்பதற்கல்ல. எழுதாமல் இருந்தால் நெஞ்சு அடைக்கிறது, அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அடுத்த தாளோடு சேர்த்துச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிடுவேன். அந்தக் காலத்தில் கடுதாசியெல்லாம் பருக்கையில் ஒட்டித்தான் பம்பாய் வரை அனுப்பினோம். ஒன்றும் பிரிந்ததில்லை.

மத்தியானம் எல்லோரும் டிவி முன்னால் இருந்தார்கள். என் தலையணைக்கடியில் கடலை மிட்டாய் ஒன்று இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்பது இப்போது முக்கியமில்லை. மழை ஈரத்துக்கு நமுத்திருக்கும் என்று நினைத்துக் கடித்தேன். நமுக்கவில்லை. கல்லாக இருந்தது. கடைவாயில் வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் முன்பல்லில் வைத்துவிட்டேன்.

ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பார்த்தால் பூரணி வைத்த துண்டு மிட்டாயில் கடலையோடு கடலையாகப் பதிந்திருக்கிறது. நகத்தால் நோண்டினால் வரவில்லை. தண்ணீரில் போட்டால் நேரமாகும், யாராவது வந்துவிடுவார்கள். வேறு வழியில்லாமல் அந்த மிட்டாயை முழுக்க வாயில் போட்டுக் கரைத்துத்தான் துண்டை மீட்டேன். இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

துண்டு இப்போது திருநீற்றுச் சிமிழில் இருக்கிறது. இன்னும் ஒரு மாதம்கூட இல்லை டிசம்பர் இரண்டுக்கு. சொன்னால் அந்தப் பிள்ளை மறுபடியும் உட்கார்ந்து அழும், படிப்பை விட்டுவிடும். சொல்லக்கூடாது.

நவம்பர் 2, சனி

இட்லி.

இன்று கந்த சஷ்டி ஆரம்பம். சூரசம்ஹாரம் வரை ஆறு நாள் மௌன விரதம் இருக்கப் போகிறேன் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பூரணி, “வாயத் தொறங்க ஆச்சி, ஒரு தடவ பாத்துக்கிடுதேன்” என்றாள். முருகா என்பது போல் மேலே கையைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். சாமி காரியம் என்று விட்டுவிட்டாள்.

நவம்பர் 3, ஞாயிறு

பூரணி திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டாள். இட்லி.

நான் பேசாதது வீட்டில் பலவிதமாக வேலை செய்கிறது. தோட்டத்துப் பங்கைப் பற்றி நான் வருத்தத்தில் இருப்பதாகப் பிச்சாண்டி நினைக்கிறான். இரண்டு தடவை வந்து காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போனான். இந்திராணி, எறும்பு விஷயத்தில் நான் கோபித்துக்கொண்டதாக நினைத்து, இரண்டு வேளையும் நெய் ஊற்றுகிறாள். பேசாமலிருப்பதில் இவ்வளவு லாபம் இருக்கிறதென்று எழுபத்தொரு வயசில்தான் தெரிகிறது.

செண்பகம் மதினி வந்தாள். என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “என்ன மதினி, பல்லு டாக்டரு பேத்தி வாயவே சேத்து ஒட்டிட்டாளா?” என்றாள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. விரதம்.

நவம்பர் 4, திங்கள்

இதுவும் ஒட்டுகிற பக்கம்.

விழுந்த துண்டை ஸ்டிக்கர் பொட்டுப் பசையை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். நாலு பொட்டு ஆனது. கண்ணாடியில் பார்க்கப் பழையபடியே இருந்தது. காபி பாதி டம்ளர் வரை நின்றது. மீதிப் பாதியில் துண்டு டம்ளருக்குள் போய்விட்டது. நல்லவேளை, விழுங்கவில்லை.

இன்னும் நாலு நாள் பேசாமல் இருக்கலாம். அதற்கப்புறம் எந்தச் சாமியைக் கூப்பிடுவது?

நவம்பர் 8, வெள்ளி

விரதம் முடிந்தது. இருமல் ஆரம்பித்தது. துணியை வாயைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். இட்லி.

நவம்பர் 9, சனி

பூரணி வரவில்லை, வேலை அதிகமாம். போனில் பேசினாள். பெரிய டாக்டரம்மா என் பல்லைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் காட்டப் போகிறாராம். “நீங்க சிரிச்சா போதும் ஆச்சி, நான் பேச வேண்டியதே இல்ல” என்றாள். நான் இருமினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒட்டுகிற பக்கம்.

பிச்சாண்டி செருப்பு ஒட்ட வைத்திருக்கும் பசை டியூப்பைத் திறந்தேன். வாய் வரைக்கும் போகவில்லை. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகிவிட்டன. அரை மணி நேரம் வெந்நீரில் வைத்தும் விடவில்லை. இந்திராணி பார்த்து, “என்னத்தே, முத்திரை பிடிக்கிய?” என்றாள். தியானம் என்று சொன்னேன். நல்லெண்ணெய் விட்டுச் சுரண்டி எடுத்தேன்.

ஒட்டக்கூடாததெல்லாம் எப்படி ஒட்டுகிறது பார்.

நவம்பர் 15, வெள்ளி

மூன்று நாளாக விடாத மழை. துணி காயவில்லை, அப்பளம் வளைந்துவிட்டது, கதவு மூட மாட்டேன் என்கிறது. இந்த நோட்டே கையில் எடுத்தால் சில்லென்று இருக்கிறது. இட்லி.

நவம்பர் 16, சனி

பூரணி வந்தாள். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே ஜன்னலோரத்தில் கிடந்த நோட்டை எடுத்தாள். நான் எழுந்து போய் வாங்குவதற்குள் ஒட்டின பக்கம் தானாகத் திறந்துகொண்டது. பருக்கை ஈரத்தில் ஊறி விட்டுக்கொடுத்துவிட்டது. பம்பாய் வரை போன பருக்கை!

திறந்தது ஸ்டிக்கர் பொட்டுப் பக்கம். அடுத்து செருப்புப் பசைப் பக்கமும் திறந்தது. தீபாவளிக்கு மறுநாள் எழுதின வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு பருக்கை கூடுதலாக வைத்திருந்தேன், அது திறக்கவில்லை.

அவள் நின்றபடியே படித்தாள். என் முகத்துத் துணியைத் தானே அவிழ்த்தாள். பல்லைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. மெல்லக் கேட்டாள்.

“எதக் கடிச்சீக ஆச்சி?”

இந்திராணி கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் செண்பகம் மதினி, உறைமோர் வாங்க வந்தவள், கிண்ணத்தோடு. இந்த இரண்டு பேர் எதிரிலும்தான் நான் திருச்செந்தூர்ச் சத்தியத்தை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

“இட்லி” என்றேன்.

“இட்லிக்கா விழுந்துச்சு?”

“ஆமா.”

செண்பகம் மதினி, “இட்லிக்கே விழுந்துட்டா அது என்ன பசை?” என்றாள். சும்மாதான் சொன்னாள். ஆனால் பூரணியின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. நோட்டை மேஜையில் வைத்தாள்.

“அப்ப என் கைதான் ஆச்சி. மார்ச்சுலயும் கைதான். நான் மேடத்துட்ட சொல்லிருதேன், ரெண்டாம் தேதி என்னால நிக்க முடியாது.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மழையில் உப்பின கதவு, ஒழுங்காக மூடவில்லை. அழுகிற சத்தம் வெளியே வந்தது.

நான் இரவு இட்லி சாப்பிடவில்லை. உண்மையாகவே எதுவும் சாப்பிடவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

விடிந்ததும் அடுப்படிக்குப் போனேன். இந்திராணி இட்லிக் கொப்பரையை ஏற்றியிருந்தாள். மூடியைத் தள்ளி ஆவியில் நோட்டைப் பிடித்தேன்.

“அத்தே! நோட்டயா அவிக்கிய?”

“பேசாம இரு. நீயும் வா. படிக்கும்போது நீயும் இருக்கணும்.”

இரண்டு நிமிஷத்தில் வெள்ளிக்கிழமைப் பக்கம் பூப்போலப் பிரிந்தது. பூரணியை எழுப்பி அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். திருநீற்றுச் சிமிழையும் கொடுத்தேன். வாசலில் நின்று, “ஏ மதினி, நீயும் வா!” என்று செண்பகத்தையும் கூப்பிட்டேன். பொய்யை இரண்டு பேர் எதிரில் சொல்லிவிட்டு உண்மையை ஒருத்தியிடம் மட்டும் சொன்னால் கணக்கு சரியாகாது.

பூரணி படித்தாள். இந்திராணியும் செண்பகமும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்கள்.

“கடல மிட்டாயா!” என்றாள் இந்திராணி. “அந்த எறும்பு!”

“திருச்செந்தூர்ல பண்ணின சத்தியம் என்னாச்சு மதினி?” என்றாள் செண்பகம்.

“முருகன் மன்னிப்பான். நீ மன்னிக்கமாட்ட, அது தெரியும்.”

பூரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “முன்பல்லாலயா கடிச்சீக? கல்லு மாதிரி இருந்தத?”

“ஆமாட்டி. இட்லிக்கு விழல. உன் கை மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் வாய்தான்.”

அவள் சிமிழைத் திறந்து துண்டை எடுத்தாள். திருநீறைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள். போகும்போது என் விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தாள். எவ்வளவு என்று எழுத மாட்டேன். அவள் எழுதிவைத்திருக்கிறாள், அது போதும்.

நவம்பர் 20, புதன்

போன் வந்தது. துண்டையும், அன்றைக்கே போனில் எடுத்துப் போன என் பல்லின் படங்களையும் வைத்துப் பெரிய டாக்டரம்மாவும் அவளும் பார்த்தார்களாம். துண்டை மட்டும் மைக்ராஸ்கோப்பில் வைத்தார்களாம்.

“ஒட்டுன எடத்துல விடல ஆச்சி! மேல வச்ச பொருள்தான் குறுக்க ஒடஞ்சிருக்கு. பசை இன்னும் ஒங்க பல்லோடதான் இருக்கு. அஞ்சு மாசம் ஆகியும் நிக்கிது!”

“அப்ப ரெண்டாம் தேதி?”

“நிக்கப் போறேன்.”

போனை வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். பசை விடவில்லை. அப்படியென்றால் டாக்டர் வைத்த கெட்டிப் பொருளை உடைத்தது என் கடி. எழுபத்தொரு வயசில். இதையும் செண்பகத்திடம் சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். மாம்பழ நிறப் பட்டு. முன்பல் பாதி.

மிஷின் நான் நினைத்த அளவு பெரிதில்லை, தையல் மிஷின் உயரம்கூட இல்லை. பல்லை மெல்லிய குச்சி குச்சியாக அறுத்து, இரண்டு முனையையும் பிடித்து இழுக்கிறார்கள். விடும்போது ஒரு சின்னச் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

மருந்து தடவின பல்தான் என் கட்சி. சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தேன். தடவாதது சில சீக்கிரம் விட்டுவிட்டன. தடவினதிலும் ஒன்றிரண்டு ஏமாற்றின. மொத்தத்தில் தடவினதுதான் அதிகம் தாங்கியது. இன்னும் ஒரு வருஷம் ஊறப்போட்டுப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றாள் பூரணி. எல்லோர் எதிரிலும் நின்று, நடுங்காத குரலில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். என் குடும்பத்தில் அது புதுசு.

பிறகு என் பல்லின் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். தாழ்வாரத்து அகலத்துக்கு ஒரு உடைந்த பல். பெரிய டாக்டரம்மா என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“பாட்டி, நோட்டு பூரா இட்லின்னே எழுதியிருக்கீங்களே. அஞ்சு மாசத்துல கடலை மிட்டாய் ஒண்ணுதானா?”

அறை முழுக்கப் பிள்ளைகள். பூரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று என்று சொன்னால் என் மானம் தப்பும். ஆனால் அவள் பசை எவ்வளவு தாங்கியது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

எழுந்து நின்றேன்.

“தினம் ஒண்ணும்மா. ஞாயித்துக்கிழம ரெண்டு. ஆடி மாசம் முறுக்கு. ஆவணியில சீடை, கல்லுச் சீடை. ரெண்டு தடவ கரும்பு. ஊக்கு ஒருக்கா பல்லால தொறந்தேன். அத்தனைக்கும் நின்னுச்சு என் பேத்தி ஒட்டுனது.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரிய டாக்டரம்மா சிரித்து முடிக்க நேரமாயிற்று. “பல்லு நல்ல தரம். நோட்டுதான் தரமில்லை” என்றார்.

அப்புறம் பூரணியைப் பார்த்து, “ஆச்சிக்கு நீயே மறுபடி வச்சு விடு. இங்கேயே, இவங்க எல்லாரும் பார்க்கட்டும்” என்றார்.

வைத்தாள். வாய் கொப்பளிக்கச் சொன்னாள். அறை முழுக்க என் வாயையே பார்த்தது. கொப்பளித்தேன், துப்பினேன். தண்ணீர் மட்டும்தான் விழுந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

புது நோட்டு. பூரணி முதல் பக்கத்தில் ‘உண்மையை மட்டும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

காலை இட்லி மூன்று, நிஜமாகவே. பதினொரு மணிக்குக் கடலை மிட்டாய், கால் துண்டு, கடைவாயில் வைத்து. இந்திராணியே கொடுத்தாள். வாரத்துக்கு ஒன்று என்று உத்தரவு. பல் இருக்கிறது.

உண்மையை மட்டும் என்றால் இதையும் எழுத வேண்டும். பிச்சாண்டி இன்று காலை எவர்சில்வர் கைப்பிடியைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டே, “பாத்து எறங்குமா, இந்தப் படிதான ஒன்னிய சாய்ச்சிச்சு” என்றான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏழு மாதமாக அந்தப் படியைத் திட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

அந்தப் படியில் நான் விழுந்ததே இல்லை. சித்திரையில் உடைந்ததும் கடலை மிட்டாயில்தான்.

சனிக்கிழமை பூரணி வருவாள். பானையில் பருக்கை இருக்கிறது. எடுக்கவில்லை.